நாற்பத்திரண்டு அங்குல இடுப்புவலி

சனிக்கிழமை மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, தம் வீட்டில் இனி ஒருவருக்கும் நோய் வரக்கூடாது என்று டைம்கீப்பர் ஆணையிட்டார்.

பேருந்துப் பணிமனையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக நாள்தோறும் எண்பது வண்டிகளைப் புறப்படவைப்பவர் அவர். அவர் விசில் ஊதினால் வண்டி நகரும்; ஊதாவிட்டால் ஓட்டுநர் தேநீரும் கையுமாக உட்கார்ந்திருப்பார். பணிமனையில் செல்லுபடியாகும் சொல் வீட்டிலும் செல்லுபடியாகும் என்று அவர் நம்பியது குற்றமன்று. அப்படி நம்பாத கணவர் இன்னும் பிறக்கவில்லை. வீட்டிலிருந்தவர்கள் அவரும் அவருடைய மனைவியும். மூன்றாவதாக ஒரு தையல் இயந்திரம். ஆணை பிறந்தது அந்த இயந்திரத்தால்தான்.

“ஏங்க, மெஷினைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகர்த்தணும். வெளிச்சம் பத்தல. என்னால முடியாது, இடுப்பு வலிக்குது.”

“உனக்கு எப்பத்தான் வலிக்கல? போன மாசமும் இதே பாட்டு.”

“போன மாசமும் இதே இடுப்புதானே.”

“எல்லாம் மனசும்மா, மனசு! என்னைப் பாரு. நாற்பத்தொன்பது வயசு. ஒரு மாத்திரை முழுங்கியிருப்பேனா? வலின்னு நினைச்சாத்தான் வலி.”

“மருந்துக்கடையில ஒரு களிம்பாவது வாங்கிட்டு வாங்கன்னு ஆறு மாசமாச் சொல்றேன்.”

“இந்த வீட்டுல இனிமே மருந்துங்கிற பேச்சே கிடையாது. சும்மா உக்காந்திருக்கிறவங்களுக்குத்தான் சீக்கு வரும்.”

நாள் முழுவதும் உட்கார்ந்தே தெருவாரின் துணிகளையெல்லாம் தைத்துக் கொடுப்பவளிடம் சொல்லத்தக்க சொல்லன்று அது. அவள் பல்லிடுக்கில் கடித்திருந்த குண்டூசியை எடுத்துத் துணியில் குத்தினாள். குத்திய வேகத்தைத் துணி மட்டும் அறியும்.

டைம்கீப்பர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டார். இரும்புக் கால்களோடு இயந்திரத்தைத் தனியாளாகத் தூக்கினார். முதலடி வைத்தார், வெற்றி. இரண்டாமடி வைத்தார், பெருவெற்றி. மூன்றாமடியில் எங்கேயோ ‘படக்’கென்றது.

“என்னங்க சத்தம்?”

“மெஷின்.”

“மெஷினைத்தான் கீழ வெச்சிட்டீங்களே. ஏன் இன்னும் நிமிரல?”

“ஊசி ஏதாச்சும் விழுந்திருக்கான்னு பாக்கிறேன்.”

கால் மணிநேரம் அவர் ஊசி தேடினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கட்டிலை விட்டு எழவில்லை, உருண்டார். உருண்டு, மண்டியிட்டு, சுவரைப் பிடித்து, மனித இனம் நிமிர்ந்து நிற்கக் கற்ற வரலாறு முழுவதையும் ஐந்து நிமிடத்தில் நடத்திக்காட்டினார். வாய்விட்டு ஓர் ‘அம்மா’ சொல்லவும் வழியில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினால் அவன் யாரிடம் போய் முறையிடுவான்? நேற்று மாலைதான் ஆணை பிறந்தது. அதன் மை காயுமுன் ஆணையிட்டவரே படுத்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் அந்த வீட்டில் அவர் பேச்சு எடுபடாது. ஆகவே, “காலாற நடந்துட்டு வரேன்,” என்று சொல்லிவிட்டு மருந்துக்கடைக்குப் புறப்பட்டார்.

கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. கடைக்காரம்மா மருந்தியலை முறையாகப் படித்தவர். தம்மிடமே தீரும் நோய் எது, டாக்டரிடம் அனுப்பவேண்டிய நோய் எது என்று பிரித்தறியாமல் இருமல் மிட்டாய்கூடக் கொடுக்கமாட்டார். பிரித்தறிவதற்குக் கேள்விகள் கேட்பார். அவற்றுள் முதற்கேள்வி என்றைக்கும் ஒன்றுதான்.

“யாருக்கு?”

‘எனக்கு’ என்று சொல்லத்தான் டைம்கீப்பர் வாயைத் திறந்தார்.

“அடடே, தம்பியா! நீங்களும் மருந்துக்கடைக்கு வருவீங்களா?”

பின்னால் நின்றவர் மாடிவீட்டு அக்கா. அவருடைய காதில் பத்து மணிக்கு விழும் செய்தி பத்தேகாலுக்குத் தெருமுனையில் இருக்கும். பத்தரைக்குப் பணிமனையில் இருக்கும்.

“என் வீட்டுக்காரிக்கு,” என்றார் டைம்கீப்பர்.

“என்ன தொந்தரவு?”

“இடுப்பு வலி. கனமாத் தூக்கினதுல பிடிச்சிக்கிச்சு.”

“கீழ விழுந்தாங்களா? வலி காலுக்கு இறங்குதா? மரத்துப்போகுதா?”

“அதெல்லாம் இல்லம்மா. இடது பக்கம் மட்டும். உக்காந்து எழுந்திரிச்சா உயிரே போகுது.” சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“பொண்டாட்டி வலிக்குக் கண் கலங்குற ஆம்பளைய இன்னிக்குத்தான் பாக்கிறேன்,” என்று அக்கா உருகினார்.

“வேற மாத்திரை சாப்பிடுறாங்களா? வயித்துப்புண் உண்டா?”

“ஒண்ணும் இல்ல.”

“சரி. இடுப்புக்கு ஒரு பெல்ட் தரேன், வெளிய போகும்போது போட்டுக்கட்டும். அளவு?”

“நாற்பத்திரண்டு.”

கடைக்காரம்மாவின் பேனா நின்றது.

“நாற்பத்திரண்டா? அவளுக்கா?” என்றார் அக்கா. “குச்சி மாதிரி இருப்பாளே!”

“வீங்கியிருக்கு,” என்றார் டைம்கீப்பர்.

கடைக்காரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “வீக்கம் இருந்தா நான் மருந்து தரமாட்டேன். டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க.”

“ஐயோ, வீக்கம் இல்லம்மா! போர்வையோட சேர்த்து அளந்துட்டேன்.”

கடைக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். குறிப்பாக, இடையில் சற்று நின்று பார்த்தார். பிறகு களிம்பையும் பெல்ட்டையும் எடுத்து வைத்தார்.

“களிம்பு ரெண்டு வேளை தடவணும். வெந்நீர் ஒத்தடம் குடுக்கணும். படுத்தே கிடக்க வேணாம், மெல்ல நடமாடட்டும். ஆனா குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. பெருக்கிறது, துடைக்கிறது, துவைக்கிறது எல்லாம் ஒரு வாரத்துக்கு வேற ஆள் செய்யணும். வீட்டுல வேற ஆள் இருக்கா?”

“ஏன் இல்லாம? இதோ நிக்குதே!” என்றார் அக்கா.

இரண்டு தெருவைக் கடக்க டைம்கீப்பருக்கு அரைமணி பிடித்தது. அக்காவுக்கு ஐந்து நிமிடம் போதும். அவர் வாசலை மிதித்தபோது, அக்கா கதையைச் சொல்லி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மனைவி தன் கணவரைப் பார்த்தாள். அது தையற்காரியின் பார்வை. நாடா வைக்காமலே அளக்கும் பார்வை. இடது பக்கம் சாய்ந்த தோளை அளந்தது. வலிக்குப் பயந்து முன்னே வராத காலை அளந்தது. பையைப் பின்னால் மறைத்த கையை அளந்தது. எல்லாம் அளந்து முடிந்ததும் அவள் தன் இடுப்பில் மெல்லக் கை வைத்தாள்.

“ஆமாக்கா. நேத்திலேர்ந்து தாங்க முடியல. இவர்தான் பாவம், கண்டுபிடிச்சாரு.” பிறகு கையை நீட்டினாள். “குடுங்க.”

“எதை?”

“எனக்குன்னு ஆசையா வாங்கிட்டு வந்ததை.”

கொடுத்தார். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கொடுத்தார். பெல்ட் அவள் இடையை ஏறத்தாழ ஒன்றரைச் சுற்றுச் சுற்றியது. அவள் கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்துப் பெல்ட்டின் மேல் பிடித்து, “நாற்பத்திரண்டு,” என்று மட்டும் வாசித்தாள். அந்த ஒற்றை எண்ணைக் காட்டிலும் ஒரு மணிநேரச் சண்டை மென்மையாக இருந்திருக்கும்.

அன்றே ஆட்சி மாறியது.

“ஏங்க, கட்டிலுக்கு அடியில தூசி.”

“கட்டிலுக்கு அடியிலயா?”

“மனசு வெச்சாக் குனியலாம்.”

அவர் பெருக்கினார். துவைத்தார். பிழிந்தார். பிழிந்த துணியைக் காட்டிலும் தாம் அதிகம் பிழியப்பட்டதாக உணர்ந்தார். ஈரத் துணியால் தரையைத் துடைக்கையில், ஒரு மூலைக்குப் போனவர் திரும்பிவர இயலாமல் அங்கேயே சிறிது நேரம் தங்கினார். மாடிவீட்டு அக்கா நாளுக்கு இருமுறை வந்து பார்த்தார். “இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்!” என்று அவர் புகழும்போதெல்லாம், உண்மையைச் சொல்லித் தப்பும் வழி இன்னும் ஓரடி அடைபட்டது.

களிம்பு மட்டும் எட்டாக்கனியாகவே இருந்தது. அதை அவரே அவளுக்குத் தடவிவிடவேண்டியிருந்தது.

“இன்னும் கொஞ்சம் கீழ. ஆங், அங்கதான். ஆறு மாசமா அங்கதான்.”

அவர் விரல் நின்ற இடத்தில் தசை முடிச்சிட்ட கயிறுபோல இறுகிக் கிடந்தது. மனம் அவ்வளவு கீழே, அவ்வளவு கெட்டியாக இருக்க வாய்ப்பில்லை என்று அவருக்கே தோன்றியது. தோன்றியதை அவர் வெளியிடவில்லை. விரலில் ஒட்டியிருந்த களிம்போடு நைசாக எழுந்தார்.

“எங்க போறீங்க?”

“கை கழுவ.”

“இதோ துணி இருக்கு. இங்கேயே துடைச்சிக்கங்க.”

களிம்பு அவள் தலையணைக்கு அடியில் குடியேறிற்று. பெல்ட் அவள் இடுப்பை விட்டு அகலவில்லை.

புதன்கிழமை காலையில் பணிமனையில் அது நடந்தது. ஏழு நாற்பதுக்குப் புறப்படவேண்டிய வண்டியை அனுப்ப அவரால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. மூச்சிழுத்து ஊதினால் இடுப்பில் மின்னல் வெட்டியது. வண்டி எட்டு ஐந்துக்குப் புறப்பட்டது, அதுவும் ஓட்டுநராகப் பார்த்து இரங்கி. இருபத்திரண்டு ஆண்டுகளில் முதன்முறை!

மாலையில் அவர் நேரே மருந்துக்கடையில் போய் நின்றார். முன்னால் இருவர், பின்னால் மூவர். அந்த மூவரில் மாடிவீட்டு அக்காவும் ஒருவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

“யாருக்கு?”

“வீட்டுக்காரிக்கு. அதே களிம்பு இன்னொண்ணு.”

“பத்து நாளைக்கு வரும் அது. மூணு நாள்ல தீராது. யாருக்கு?”

“அப்ப ஒரு பெல்ட்டாவது…”

“ஒரு இடுப்புக்கு ஒரு பெல்ட்தான். யாருக்குங்க?”

டைம்கீப்பர் சுற்றிலும் பார்த்தார். ஒரு பக்கம் மானம், மறுபக்கம் இடுப்பு. மானம் வலிக்கவில்லை.

“எனக்கு.”

“சரியாக் கேக்கல.”

“எனக்குத்தாம்மா! முதல் நாளே எனக்குத்தான்! அந்த நாற்பத்திரண்டும் என்னுதுதான்! அவளுக்கும் வலி நிஜம்தான். நான்தான் இல்லன்னு சாதிச்சேன். போதுமா?”

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் வியக்கக்கூட இல்லை. அதுதான் கொடுமை. “அப்பாடா, சொல்லிட்டாரு,” என்று மட்டும் அக்கா பெருமூச்சு விட்டார்.

கடைக்காரம்மா மேசைக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். “உங்க வீட்டம்மா திங்கட்கிழமையே வந்தாங்க, நீங்க வேலைக்குப் போனதும். உங்க வலிய உங்களைவிடத் தெளிவாச் சொன்னாங்க. களிம்பும் உங்க அளவுக்கு ஒரு பெல்ட்டும் வாங்கி, இங்கேயே வெச்சிருக்கச் சொன்னாங்க. நீங்க வந்து, உங்க வாயால ‘எனக்கு’ன்னு சொன்னாத்தான் குடுக்கணுமாம்.”

“அவளால நடக்கவே முடியாதே!”

“நடக்கத்தான் நான் சொல்லியிருந்தேனே.”

டைம்கீப்பர் பொட்டலத்தை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். நெஞ்சம் நெகிழ்ந்தது. எத்தனை பெரிய மனம் அவளுக்கு! பொய்யைப் பொறுத்தாள், அளவைப் பொறுத்தாள், கேட்கும் முன்பே தன் கணவருக்கு மருந்தும் தேடி வைத்தாள். இதற்கு மேல் அவரைத் தண்டிக்க அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

“எப்பம்மா தடவணும்?” என்று கேட்டார்.

“மேல எழுதியிருக்கு. அவங்க எழுதினதுதான். நானும் படிச்சுப் பார்த்தேன். நீளக்குச்சி வெச்சு, நிமிர்ந்து நின்னு செஞ்சா மருத்துவப்படி தப்பொண்ணும் இல்ல.”

அவர் பொட்டலத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தார். துணியில் குறியிடும் நீலச் சுண்ணக்கட்டியால், திருத்தமான எழுத்தில் எழுதியிருந்தது:

“காலை, மாலை இரு வேளையும், வீடு துடைத்த பின்.”