சிக்ஸ்டன் ஹெல்பெர்க்கின் சளி ஆராய்ச்சி

மத்தியானம் இரண்டு மணிக்குப் பேராசிரியர் பதவிக்கான தேர்வு உரை. காலை ஏழு மணிக்கு மகளுக்குக் காய்ச்சல்.

உப்சாலாவில் நோய் எதிர்ப்பாற்றல் பாடம் நடத்தியபடியே இந்தப் பதவிக்காகப் பத்தொன்பது வருடம் காத்திருந்தவர் சிக்ஸ்டன் ஹெல்பெர்க். மனைவி வேலை விஷயமாக வடக்கே போயிருந்தாள். ஐந்து வயது ஈபாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர், எந்த ஸ்வீடன்காரத் தகப்பனும் செய்வதுபோல, யோசிக்காமல் கைபேசியில் பிள்ளை பார்க்கும் விடுப்பைப் போட்டுவிட்டார்.

ஐந்தாவது நிமிடம் துறைச் செயலர் ராங்ன்ஹில்ட் கூப்பிட்டாள்.

"விடுப்புல இருக்கறவர் உரை நிகழ்த்தக் கூடாது, சிக்ஸ்டன்."

"வீட்லேர்ந்து வீடியோவுல பேசறேனே?"

"அதுவும் வேலைதான். பிள்ளையைப் பாருங்க. பதவி எங்க ஓடிடப் போகுது?"

பதவி பக்கத்து அறை ஆளிடம் ஓடிவிடும் என்பது அவருக்குத் தெரியும். விடுப்பை ரத்து செய்தார்.

ஒன்பது மணிக்கு ஈபா சோபாவிலிருந்து தரைக்குக் குதித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. மழலையர் பள்ளிக்குப் போன் செய்தார். காய்ச்சல் விட்டு ஒரு நாளாவது ஆகாமல் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம்.

பதினொரு மணிக்கு, ஒரு வாரமாக மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த அவருக்கே குளிரெடுத்தது.

"அப்பா, நீ படுத்துக்கோ. நான் டாக்டர்."

"டாக்டர் நான்தான்டி."

"நீ பேசற டாக்டர்," என்று ஈபா கம்பளியை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

இரண்டு மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்தார். மேலே டை, கீழே கம்பளி. சத்தம் போடாமல் இருக்க மகளுக்கு ஒரு பெட்டி பிளாஸ்திரி கொடுத்திருந்தார். அவள் சத்தமே போடாமல் அவர் நெற்றியில் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"குழந்தைங்க மூக்குல காவலாளிங்க எப்பவும் முழிச்சிருக்காங்க," என்று ஆரம்பித்தார். "புதுக் கிருமி வாசலைத் தாண்டறதுக்குள்ள கதையை முடிச்சிடுவாங்க. பெரியவங்க உடம்பு பழைய எதிரியைத்தான் ஞாபகம் வெச்சிருக்கும். புதுசா ஒருத்தன் வந்தா, முதல்ல குழு கூட்டி யோசிக்கும்."

மேலே பேச விடாமல் இருமல் வந்தது. தேர்வுக் குழுவின் ஐந்து பேரும் சிரித்தார்கள்.

"கண்ணெதிர்லயே நிரூபிச்சிட்டீங்க," என்றாள் குழுத் தலைவி ஊல்ரிகா. "ஒரே ஒரு கேள்வி. வீட்டுல சளி யார்கிட்டேர்ந்து யாருக்கு வந்துதுன்னு எப்படி உறுதியாச் சொல்றீங்க?"

சிக்ஸ்டன் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான்கு பிளாஸ்திரிகளும் நிமிர்ந்தன.

"குழந்தைங்கதானே வீட்டுக்குக் கொண்டு வருது. என் ஆராய்ச்சிக்கு அஸ்திவாரமே அதுதான்."

கைபேசி மணியடித்தது. அவர் எட்டுவதற்குள் ஈபா ஒலிபெருக்கியை அழுத்திவிட்டாள். மழலையர் பள்ளி ஆசிரியை குன்வோரின் அன்பான குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஈபா நாளைக்கு வரட்டும், சிக்ஸ்டன், நீங்க மட்டும் வராதீங்க, போன வாரம் இங்க வந்து முழங்கைக்குள்ள எப்படித் தும்மணும்னு செஞ்சு காட்டினீங்களே, அதுலேர்ந்து உங்க சளி பதினேழு பிள்ளைங்களுக்கும் வந்து ஒரே நாள்ல போயிடுச்சு, பாவம், உங்களுக்கு இன்னுமா விடலை?"