கருவாட்டுக் குழம்பும் ரெண்டாவது கோடும்

இன்னைக்கு லேப்ல எனக்கு ஒரே ஒரு வேலை. விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் குடுக்கணும்.

நவி மும்பை கோபர்கைரனேல எங்களுது சின்ன கம்பெனி. ஹெபடைடிஸ் சி கிருமி உடம்புக்குள்ள போயிருந்தா ரத்தத்துல ஒரு எதிர்ப்பொருள் உண்டாகும். அதைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட் பட்டையை உருவாக்கிட்டிருக்கோம். ஒரு கோடு வந்தா ஒண்ணுமில்ல. ரெண்டு வந்தா ஆள் மாட்டினான்.

நல்ல ரத்தத்துக்குப் பட்டை சரியா 'இல்லை'ன்னு சொல்லுதான்னு பாக்க, எங்க ரத்தத்தையே விட்டுப் பாக்குறது லேப் வழக்கம். அதுல என் ரத்தம்தான் நம்பர் ஒன். எப்பப் போட்டாலும் ஒத்தக் கோடு. இதை நான் குடியிருக்கிற தாராவி லேபர் கேம்ப் பூரா பீத்திக்கிட்டுத் திரியுறவன் நான்.

நானு, நாகர்கோவில்கார அந்தோணி, எங்க மராட்டி மேடம், மூணு பேரும் ஆளுக்கொரு பட்டையில சொட்டு விட்டோம். கால் மணி நேரத்துல பாக்கணும். அதுவரை சும்மா இருப்பானேன்னு பக்கத்து ரூம்ல மூணு பேருமா என் டப்பாவைத் திறந்தோம். என் வீட்டுக்காரி ஜெயா வச்ச கருவாட்டுக் குழம்பு. மேடம் மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டாங்க.

கை கழுவிட்டு முதல்ல போய்ப் பாத்தது நான். என் பட்டையில ரெண்டு கோடு. ரெண்டாவது லேசா இருந்துச்சு. ஆனா இருந்துச்சு.

இந்தக் கிருமி ஊசி, பிளேடு வழியாத் தொத்தும். தாராவி பல் டாக்டர், ரோட்டோர சலூன், கையில குத்தின பச்சை எல்லாம் வரிசையா ஞாபகம் வந்துச்சு. பட்டையைக் கவர்ல சுத்தி ஒளிச்சுக்கிட்டு, பாத்ரூம்ல இருந்து போன் போட்டேன்.

"ஏட்டி ஜெயா..."

"என்ன, கருவாடு ஒத்துக்கலையா?"

"எனக்கு ரெண்டு கோடு வந்துட்டுட்டி."

அங்க டிவியை அணைக்கிற சத்தம் கேட்டுச்சு.

"மாத்திரை தின்னா சரியாயிரும்னு நீங்கதான ஊருக்கே பாடம் எடுத்திய? பயப்படாம வாங்க. நாளைக்கே பெரிய டெஸ்ட் எடுப்போம்." அவ குரல் நடுங்குச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு.

வெளிய வந்தா, மாடிப்படியில அந்தோணி முதுகைக் காட்டிக்கிட்டு அவன் வீட்டுக்காரிகிட்ட போன்ல பேசிட்டிருந்தான். "மாதாவாண நான் ஒரு தப்பும் செய்யல, மக்ளே." அவன் கையிலயும் ஒரு கவர்.

ரெண்டு பேரும் மேடம் ரூமுக்குப் போனோம். எங்களைப் பாத்ததும் அவங்க எதையோ டிராயருக்குள்ள தள்ளினாங்க. நாங்க கவர் ரெண்டையும் மேசையில வச்சோம். மெதுவா டிராயரைத் திறந்து, "மேரா பி"ன்னாங்க. அவங்களுக்கும் ரெண்டு.

மேடம் கடிகாரத்தைப் பாத்தாங்க. அப்புறம் எங்களைப் பாத்தாங்க. "கானா கித்னா டைம் சலா?"

சாப்பாடு எவ்வளவு நேரம் ஓடுச்சுன்னு கேக்குறாங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடியிருக்கு. நேரம் தாண்டிட்டா பட்டை காய்ஞ்சு, யார் ரத்தத்துக்கும் பொய்க் கோடு விழும். போன வாரம்தான் இதை நர்ஸுங்களுக்குத் தொண்டை வத்தப் பாடம் எடுத்தேன்.

மறுபடி குத்தினோம். இந்தத் தடவை யாரும் இடத்தைவிட்டு நகரல. மூணு பேருக்கும் ஒத்தக் கோடு. மேடம் நாற்காலியில சாய்ஞ்சு கண்ணை மூடிக்கிட்டாங்க.

ஜெயாகிட்டச் சொன்னேன். "அப்போ என் குழம்பாலதான் இவ்வளவும்னு சொல்லுதிய?"

"ஆமா"ன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன்.

நாளையில இருந்து டப்பாவுல வெறும் தயிர்சாதம்தானாம். ரெண்டாவது கோட்டைவிட, இதை மேடத்துக்கிட்ட சொல்றதுதான் பயமா இருக்கு.