கோப்பின்மேல் எரிமலை

கோப்புகளைத் தூங்க வைத்த அலுவலகங்கள் உலகில் ஏராளம். ஒரு கோப்பு எழுந்துவிடாமலிருக்க அதன் தலையில் எரிமலையையே தூக்கி வைத்த பெருமை எங்கள் கனிம ஆய்வு அலுவலகம் ஒன்றுக்கே உரியது.

எரிமலை என்றால் அதன் ஒரு துண்டு. என்றோ கடலடியில் எரிமலை கக்கிய வெந்நீரில் இரும்பும் செம்பும் துத்தநாகமும் கந்தகத்தோடு சேர்ந்து இறுகிய தாதுக்கல். பொன்போல மின்னும். எங்கள் சுரங்கத்தில் கிடைத்த அதை இயக்குநர் தம் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க வைத்துக்கொண்டார். தினமும் காலையில் ஈரத்துணியால் துடைத்து அதை மின்ன வைக்கும் 'பொறுப்பு' எழுத்தரான எனக்கு. ஈரம் படக்கூடாது என்று ஆய்வுக்கூடத்து அம்மா இரண்டு முறை சொன்னார். பதவி உயர்வு தருவது அந்த அம்மா அல்ல என்பதால் துடைத்தேன்.

கல்லின் கீழே இருந்தது அந்த அம்மா எழுதிய கடிதம். இந்தக் கல்லில் ஈரக்காற்று பட்டால் அமிலம் ஊறும். அமிலம் உள்ளேயிருக்கும் ஆர்சனிக் விஷத்தையும் இழுத்துக்கொண்டு வரும். இதே கல் குவிந்த சுரங்கக் கழிவு மேடு ஊழியர் குடியிருப்புக் கிணற்றுக்கு மேலேயே நிற்கிறது. மழைக்கு முன் கிணற்றை மூடுங்கள் என்று எழுதியிருந்தார். இயக்குநர் அதை 'ஆழ்ந்த பரிசீலனையில்' வைத்தார். மழை வந்து போனது. அந்தக் குடியிருப்பில்தான் நானும் இருக்கிறேன். தண்ணீர் புளிக்கிறது என்றாள் என் மனைவி. புளிப்பு குறித்து மேலிடத்திலிருந்து தகவல் ஏதும் வரவில்லை என்று அவளுக்கு விளக்கினேன்.

அம்மா மூன்று நினைவூட்டல்கள் அனுப்பிய பிறகு கூட்டம் கூடியது. இயக்குநர் கல்லைத் தூக்கினார். கடிதத்தின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. ஓரமெல்லாம் பழுப்பேறிப் பொடிந்திருந்தது. அறையெங்கும் தீக்குச்சி உரசிய வாடை.

"சார், இதைத்தான் எழுதியிருந்தேன்" என்றார் அம்மா.

"எதை எழுதியிருந்தீங்க? படிச்சுக் காட்டுங்க."

படிக்க மிஞ்சியது விலாசமும் கையெழுத்தும் மட்டும். படிக்க முடியாத கடிதம் எழுதப்படாத கடிதமே என்று கூட்டம் ஏகமனதாகத் தீர்மானித்தது. சிதைந்த ஆவணத்தைச் சமர்ப்பித்ததற்காக அம்மாவிடம் விளக்கம் கேட்கப்பட்டது. கல் நிரபராதி, அதைக் கண்ணாடிப் பெட்டிக்கு மாற்றச் சொல்லி உத்தரவு.

"ஆபீஸ் நகல் ஒண்ணு இருக்கணுமே" என்று அம்மா என்னைப் பார்த்தார்.

இயக்குநரும் என்னைப் பார்த்தார். நகல் என் கையிலிருந்த கோப்பிலேயே இருந்தது.

"தேடிப் பாக்கணும் சார்" என்றேன்.

அந்த வாரமே 'சிறந்த ஊழியர்' சான்றிதழ் வந்தது. அதைக் காட்ட வீட்டுக்கு விரைந்தேன். மனைவி அதை வாங்கிப் பார்க்கவில்லை.

"இன்னிக்கு ரொம்பப் புளிக்குதுங்க. உங்க ஆபீஸ்ல ஒருத்தர்கூடவா இதப் பத்தி எழுதிக் குடுக்கல?"

"தேடிப் பாக்கணும்" என்றேன். அதற்குள் என் மகள் தன் டம்ளரைக் காலி செய்திருந்தாள்.