அழைப்பிதழ் அண்ணாச்சியும் மூணு நாள் ரோஜாத் திருவிழாவும்

எண்பதுகள்ல நியூ ஜெர்சி மாநிலத்துல பொதுமக்களுக்காகத் திறந்த கதவு எதுவும் அழைப்பிதழ் அண்ணாச்சி உள்ள போய்ட்டு வராம மூடினதா சரித்திரம் கிடையாது.

அவருக்கு வேற ஒரு நல்ல பேரு இருந்தது. பாலம் கட்டற கம்பெனியில எந்தத் தூண் எவ்வளவு கனம் தாங்கும்னு கணக்குப் போடற பெரிய எஞ்சினியர். பாளையங்கோட்டைக்காரர். எடிசன் பக்கத்துல நாங்க குடியிருந்த அப்பார்ட்மென்ட்ல எனக்கு நேர் எதிர் வீடு. அண்ணி விசாவுக்காக ஊர்ல காத்துக்கிட்டிருந்தாங்க. இவர் இங்க தனியா.

"ஆல் ஆர் வெல்கம்"னு எந்த போர்டைப் பார்த்தாலும் அது தனக்கு நேர்ல வெத்தலை பாக்கு வெச்சு அழைச்சதுன்னு நம்பற மனுஷன். அதான் அந்தப் பட்டப் பேரு. "எல்லாரும் வாங்கன்னு எழுதியிருக்கான்லா? எல்லாருல நாம உண்டா இல்லையாவே?"ன்னு கேப்பார். இதுக்கு நான் இன்னிக்கு வரைக்கும் பதில் யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

அழைப்புன்னு ஆனப்பறம் வெறுங்கையோட போக முடியுமா. ஒவ்வொரு தடவை ஊருக்குப் போயிட்டு வரும்போதும் ஒரு பெட்டி நிறைய எவர்சில்வர் பாத்திரம் கொண்டு வருவார். அதுல தன் பேரையும் ஊரையும் தமிழ்ல வெட்டறதுக்குன்னே ஒரு எலக்ட்ரிக் ஊசி வாங்கி வெச்சிருந்தார். சனிக்கிழமை காலைல எதிர் வீட்டுல டர்ர்னு சத்தம் கேட்டா, அன்னிக்கு யாரோ ஒரு வெள்ளைக்காரருக்கு டிபன் பாக்ஸ் நிச்சயம்னு அர்த்தம்.

ஒரு தடவை ரோட்டோரமா "ஓப்பன் ஹவுஸ்"னு போர்டு பார்த்திருக்கார். விக்கப் போற வீட்டை எல்லாரும் வந்து பாருங்கன்னு அர்த்தம். அண்ணாச்சி அதைக் கிரகப்பிரவேசம்னு எடுத்துக்கிட்டார். வாசல்ல ஷூவைக் கழட்டி, வலது காலை எடுத்து வெச்சு உள்ள போய், வீட்டு புரோக்கர் அம்மா கையில ஒரு குடத்தைக் குடுத்துட்டு, பால் எங்க காய்ச்சினீங்கன்னு கேட்டிருக்கார். அந்தம்மா சமையல்கட்டைக் காட்டி, அடுப்பு புதுசுன்னு சொல்லிச்சாம். "ரொம்ப மரியாதையான குடும்பம்"னு வந்து சொன்னார்.

இன்னொரு தடவை ஃபயர் ஸ்டேஷன்ல ஓப்பன் டே. சின்னப் பசங்க எல்லாம் வண்டி மேல ஏறி மணி அடிக்கிறாங்க. இவர் பட்டு வேட்டியில போய், பந்தி எப்பன்னு தெரியாம, மடக்கு நாற்காலியில மூணு மணி நேரம் உக்காந்திருக்கார். கிளம்பும்போது மேஜை மேல ஒரு எவர்சில்வர் வாளியை வெச்சுட்டு வந்தார். தீயணைக்கிறவங்களுக்கு வாளி. யோசிச்சுத்தான் செய்வார்.

இப்படி எட்டு வருஷத்துல முப்பது இடமாவது போயிருப்பார். அவர் வீட்டுக்கு மட்டும் ஒருத்தரும் வந்ததில்லை. என்னை ஒவ்வொரு பொங்கலுக்கும் கூப்பிடுவார். நானும் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு புது வியாதி சொல்லுவேன். எல்லாம் பயம்தான். உள்ள போனா பாத்திரம் குடுப்பார், அப்புறம் பதிலுக்கு நாம ஏதாவது செய்யணும். நான் அப்படிப்பட்ட தர்மவான்.

அந்த வருஷம் ஏப்ரல்ல, துணி துவைக்கிற கடைச் சுவர்ல ஒரு நோட்டீஸ். கத்தலான்காரங்க சங்கம், வசந்த விழா, வெள்ளி சனி ஞாயிறு மூணு நாளும் கதவு திறந்திருக்கும், அனுமதி இலவசம், எல்லாரும் வாங்க. கத்தலான்னா ஸ்பெயின்ல பார்சிலோனாப் பக்கத்து ஜனங்க. அப்ப எனக்குத் தெரியாது, அண்ணாச்சிக்கும் தெரியாது. ஆனா அழைச்சுட்டாங்க. ஃப்ரீவேல வண்டி ஓட்ட அவருக்குப் பயம்கறதால டிரைவர் நான். இலவசம்னு கேட்டதும் என் மனைவி வசந்தாவும் ஏறிக்கிட்டா.

ஒரு சர்ச்சோட கீழ்த்தளம். வாசல்லேயே பெரிய மீசையோட ஜோர்டின்னு ஒருத்தர், சங்கத் தலைவர், பேக்கரி வெச்சிருக்கறவர். அவங்க ஊர் வழக்கம் என்னன்னா, அந்தத் திருவிழா அன்னிக்கு ஆம்பளைங்க பொம்பளைங்களுக்கு ரோஜாப்பூ குடுக்கணும், பொம்பளைங்க ஆம்பளைங்களுக்குப் புஸ்தகம் குடுக்கணும். வசந்தா கையில ஒரு ரோஜா வந்தது. கல்யாணம் ஆகி ஒன்பது வருஷத்துல அவளுக்குக் கிடைச்ச முதல் ரோஜா. வேற ஒருத்தர் குடுத்தது. அவ என்னைப் பார்த்த பார்வையை நான் இங்க எழுதலை.

ஏன் ரோஜான்னு ஜோர்டி விளக்கினார். ஒரு மகான் குதிரையில வந்து டிராகனைக் குத்தினாராம், அந்த ரத்தத்துல ரோஜா பூத்துதாம். அண்ணாச்சி என் காதுல, "திருச்செந்தூர்க் கதைதாம்வே. நமக்கு மயிலும் சேவலும் வந்துச்சு, இவாளுக்குப் பூ"ன்னார்.

அப்புறம் அண்ணாச்சி தான் பேர் வெட்டிக் கொண்டு வந்த எவர்சில்வர் தூக்குச்சட்டியை நீட்டினார். ஜோர்டி அதை ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டு, எழுத்தைத் தடவிப் பார்த்துட்டு, தன் மனைவியைக் கூப்பிட்டு, பதிலுக்கு ஒரு புஸ்தகத்தை அண்ணாச்சி கையில குடுக்க வெச்சார். அன்னிக்கு வந்த எல்லா ஆம்பளைக்கும் புஸ்தகம் உண்டு, எனக்கும்தான் வந்தது. ஆனா அண்ணாச்சி அசையாம நின்னுட்டார். எட்டு வருஷத்துல குடுத்த கைக்குத் திரும்பி ஒண்ணு வந்தது அதுதான் முதல் தடவை. திரும்பி வர வழியெல்லாம் அந்தப் புஸ்தகத்தை மடியில வெச்சுக்கிட்டிருந்தார். ஒரு எழுத்து புரியாது. பக்கம் பக்கமாப் புரட்டி, "நல்லா எழுதியிருக்கான்"ன்னார்.

சனிக்கிழமை பார்க்கிங் லாட்ல மனுஷ கோபுரம். கீழ கூட்டமா நெருக்கி நிப்பாங்க, அவங்க தோள் மேல நாலு பேர், அதுக்கு மேல ரெண்டு பேர், உச்சியில ஒரு குட்டிப் பொண்ணு ஏறி கையைத் தூக்கிக் காட்டணும். அடியில ஆள் பத்தலை, யார் வேணா வந்து சேரலாம்னு மைக்ல கூப்பிட்டாங்க.

அண்ணாச்சி ஏற்கெனவே ரெண்டு சுத்து சுத்தி வந்துட்டார். "ஃபவுண்டேஷன் பத்தாதுவே. வடக்கு மூலை உள்வாங்கும்"னு சொல்லிட்டு உள்ள நுழைஞ்சு, நியூ ஜெர்சியில பாதிப் பாலத்துக்குக் கணக்குப் போட்ட அதிகாரத்தோட ஒவ்வொருத்தரையா இடம் மாத்தி நிறுத்தினார். அவங்களும் நின்னாங்க. வேட்டி கட்டினவர் சொன்னா ஒரு விஷயம் இருக்கும்னு நினைச்சிருப்பாங்க.

அதுல ஒரு சிக்கல். எல்லாரும் முதுகு பிடிக்காம இருக்க இடுப்புல நீளமா ஒரு துணியை இறுக்கிச் சுத்திக்கணும். மேல ஏறறவங்க அதுலதான் காலை வெச்சு ஏறுவாங்க. அண்ணாச்சிக்குத் துணி இல்லை. நான் நிம்மதியா மூச்சு விடறதுக்குள்ள அவர் தன் எட்டு முழ வேட்டியை உருவி, நாலா மடிச்சு, இடுப்புல சுத்திக்கிட்டார். அடியில குளிருக்காகப் போட்ட சாம்பல் கலர் தெர்மல் பேன்ட், முழங்கால்ல ஒரு ஒட்டு. சுத்தி நின்னவங்க கை தட்டினாங்க. நான் அவரை முன்னப் பின்ன தெரியாதவன் மாதிரி ஒரு தட்டுல இருந்த ஆலிவ் காயை உத்துப் பார்த்துக்கிட்டிருந்தேன். "வாரும்வே, பின்னால இருந்து முட்டுக் குடும்"னு தமிழ்ல கூப்பிட்டுக் காட்டிக் குடுத்துட்டார்.

கோபுரம் நின்னது. குட்டிப் பொண்ணு கையைத் தூக்கினது. நான் ஒண்ணும் பார்க்கலை, என் மூக்கு அண்ணாச்சி முதுகுல பதிஞ்சிருந்தது. இறங்கினதும் ஜோர்டி அவரைக் கட்டிப் பிடிச்சு ரெண்டு கன்னத்துலயும் முத்தம் குடுத்தார். அண்ணாச்சி அன்னிக்குக் கன்னத்தைக் கழுவியிருப்பார்னு நினைக்கலை.

ஞாயித்துக்கிழமை அண்ணாச்சி கையில ஒரு தட்டு, அதுல பழம், தேங்காய், நாலு மூலையிலும் மஞ்சள் தடவின டைப் அடிச்ச லெட்டர். அடுத்த ஞாயிறு மதியம் அண்ணாச்சி வீட்டுல சாப்பாடு, சங்கத்துல அத்தனை பேரும் சுற்றம் சூழ வந்து சிறப்பிக்கணும். ஜோர்டி தேங்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, கண்டிப்பா வரோம், மதியச் சாப்பாட்டுக்கு வரோம்னார்.

கார்ல வரும்போது நான் என் ஞானத்தைக் காட்டினேன். இந்த ஊர்ல வரேன்னு சொல்றது போய்ட்டு வாங்கன்னு சொல்றதுக்கு இன்னொரு வழி, ஏமாந்து போகாதீங்க, நாலு பேருக்கு மட்டும் சமைங்கன்னேன்.

அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கிட்டு, "எட்டு வருஷமாச்சு. எம் வீட்டுக் கதவைத் தட்டுனது ஹீட்டர் ரிப்பேருக்கு வந்தவன் ஒருத்தன்தாம்வே"ன்னார்.

அவர் வீட்டுக் கதவுக்கும் என் வீட்டுக் கதவுக்கும் நடுவுல ஆறு அடி. பின் சீட்டுல வசந்தா இருமினா.

அந்த ஞாயிறு நாப்பது பேருக்குச் சமையல். சொதி, இஞ்சித் துவையல், அவியல், பாயசம். மாவிலை கிடைக்காம வாசல்ல மேப்பிள் இலைத் தோரணம். பந்திக்கு வாழையிலை இல்லைன்னு பச்சைப் பேப்பர் விரிப்பு. வழக்கம் போல எனக்கும் அழைப்பு. வழக்கம் போல எனக்கும் வியாதி. இந்தத் தடவை வயித்து வலி. யாரும் வராத வீட்டுல அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. ஆனா கதவுல இருக்கற ஓட்டை வழியா பதினொன்றரையில இருந்தே பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்.

வேட்டி, சட்டை, கையில பன்னீர்ச் செம்பு. பன்னண்டு மணிக்கு வாசல்ல நின்னார். பன்னண்டரைக்கும் நின்னார். ஒரு மணிக்கு, சந்தனம் காய்ஞ்சு போச்சுன்னு உள்ள போய்க் கரைச்சுட்டு வந்து மறுபடி நின்னார்.

"ஓட்டை வழியா எவ்வளவு நேரம் பார்ப்பீங்க? கதவைத் திறந்து பார்த்தா காசு கேப்பாங்களா?"ன்னு வசந்தா கேட்டா. எனக்கு நிஜமாவே வயிறு வலிக்க ஆரம்பிச்சது.

ஒண்ணேகாலுக்கு அண்ணாச்சி தோரணத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பன்னீர்ச் செம்பைக் கீழ வெச்சார். உள்ள போனார். சரி, முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அவர் போனது அப்பளம் பொரிக்க. காலைல பொரிச்சது நமத்துப் போச்சாம். விருந்தாளிக்கு நமத்த அப்பளம் போடலாமா. நாப்பது பேருக்கு மறுபடி பொரிச்சதுல எண்ணெய் புகைஞ்சு, ஸ்மோக் அலாரம் அடிச்சு, அது மொத்தக் கட்டடத்துக்கும் அடிச்சு, பன்னண்டு வீட்டு ஜனமும் வெளிய ஓடி வந்தது. அதுல நானும் வசந்தாவும் உண்டு. அஞ்சு நிமிஷத்துல சிவப்பு வண்டி. ஹெல்மெட், பூட்ஸ், கோடாலியோட அஞ்சு பேர் மாடி ஏறினாங்க, பின்னாலயே நானும்.

புகைக்குள்ள இருந்து அண்ணாச்சி வந்தார். அஞ்சு பேர் மேலயும் பன்னீர் தெளிச்சார். "வாங்க, வாங்க, உள்ள வாங்க."

கேப்டன் அடுப்பை அணைச்சு, ஜன்னலைத் திறந்து, நெருப்பு ஒண்ணும் இல்லைன்னு திரும்பினவர், வரிசையா அடுக்கியிருந்த எவர்சில்வர் டம்ளரைப் பார்த்து நின்னுட்டார். ஒண்ணைத் தூக்கி எழுத்தைப் பார்த்தார். எங்க ஸ்டேஷன்ல ஒரு வாளி இருக்கு, இதே எழுத்து, யாரோ மறந்து வெச்சுட்டுப் போயிட்டாங்கன்னு மூணு வருஷமா பத்திரமா வெச்சிருக்கோம், பேர் போட்டிருக்கு, படிக்கத்தான் ஆள் இல்லைன்னார்.

"மறக்கலை," அண்ணாச்சி இங்கிலீஷ்ல சொன்னார். "கூப்பிட்டிருந்தீங்க. அதான் குடுத்தேன்."

அந்தக் கேப்டன் ஹெல்மெட்டைக் கழட்டினார். ஏன்னு எனக்குத் தெரியாது, சொதி வாசனையாக்கூட இருக்கலாம். அஞ்சு பேரும் பந்தியில உக்காந்தாங்க. வெளிய நின்ன பன்னண்டு வீட்டையும் அண்ணாச்சி உள்ள கூப்பிட்டார். ரெண்டேகால் மணிக்கு மூணு வேன் நிறைய ஜோர்டியும் அவர் ஜனமும் ரோஜாப்பூவோட வந்து இறங்கி, வாசல்ல ஃபயர் எஞ்சினைப் பார்த்துட்டு, ரொம்ப சீக்கிரம் வந்துட்டோமோன்னு சங்கடப்பட்டாங்க. அவங்க ஊர்ல மதியச் சாப்பாடே ரெண்டரைக்குத்தானாம். மணி எத்தனைன்னு லெட்டர்ல போடணும்னு எஞ்சினியருக்குத் தோணலை.

கடைசியா நான் கதவோரம் நின்னுக்கிட்டிருந்தேன். அண்ணாச்சி கரண்டியோட வந்தார்.

"வயித்து வலி எப்படிவே இருக்கு?"

"இப்ப பரவால்ல, அண்ணாச்சி."

"சொதி வயித்துக்கு நல்லது. உக்காரும்."

உக்காந்தேன். மூணு தடவை சொதி வாங்கினேன்.

அடுத்த வருஷம் அண்ணி வந்துட்டாங்க, ரெண்டு பேரும் டெக்சாஸ் பக்கம் போயிட்டாங்க. கிளம்பறதுக்கு முந்தி, நான் பயந்த மாதிரியே, டர்ர்னு சத்தம் கேட்டது. ஒரு பெரிய எவர்சில்வர் சம்புடம். மூணு வீடு மாறியாச்சு, அது கூடவே வருது. போன வாரம் என் பொண்ணு அந்த எழுத்தை விரலால தடவிப் பார்த்து, இது வேற யாரோட பேரோ, திருப்பிக் குடுக்க வேண்டாமான்னு இங்கிலீஷ்ல கேட்டா.

குடுக்கணும்தான். ஆனா பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் குடுக்கக் கூடாதே. உள்ள என்ன போட்டா அது நிறையும்னுதான் இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்.