எட்டு ஸார்க் உயரம்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்த நீள அளவைகளில் தலைசிறந்தது ஸார்க். இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். மீட்டர் ஒரு முரட்டு ஆசாமி. மந்திரி வந்து நின்றாலும் மாவு அரைப்பவர் வந்து நின்றாலும் ஒரே நீளத்தைக் காட்டும். அடி அதைவிட மோசம். கெஞ்சினாலும் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்காது. ஸார்க் அப்படியல்ல. ஆளறிந்து நடந்துகொள்ளும் பண்பு அதற்கு உண்டு.

இவ்வளவு உயர்ந்த அளவை பிறந்தது ஒரு மரப் பட்டறையில். பிறந்தபோது பக்கத்தில் இருந்தவர் செட் மேஸ்திரி. இருபது வருடமாக சினிமாவுக்கும் தொடர்களுக்கும் மரவேலை செய்கிறவர். அதிகம் பேச மாட்டார். ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் கேட்டவர் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

நாலு வருடம் முன்பு, விண்வெளித் தொடரின் முதல் பாகம் தொடங்கிய காலையில், டைரக்டர் பட்டறைக்குள் நுழைந்தார்.

"மேஸ்திரி, பன்னிரண்டு ஸார்க் நீளத்துக்கு ஒரு பாலம் வேணும்."

மேஸ்திரி இழைப்புளியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். "ஸார்க்னா எவ்வளவு சார்?"

டைரக்டர் அதுவரை அதைப் பற்றி நினைத்துப் பார்த்ததில்லை. ஒரு கையில் டீ கப், இன்னொரு கையில் போன். இரண்டையும் விலக்கிப் பிடித்து, "இவ்வளவு" என்றார். மேஸ்திரி டேப்பை எடுத்துக் கப்புக்கும் போனுக்கும் நடுவே வைத்தார். ஒன்றேகால் அடி. டீ கொஞ்சம் ஆறியிருந்தால் டைரக்டர் கையை இன்னும் தாராளமாக நீட்டியிருப்பார். அந்தப் பிரபஞ்சமும் இன்னும் விசாலமாக இருந்திருக்கும். மேஸ்திரி அந்த அளவுக்கு ஒரு குச்சி வெட்டி, 'ஒரு ஸார்க் = ஒன்றேகால் அடி' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று தாளை ஆபீஸில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

தொடர் ஓடு ஓடென்று ஓடியது. இரண்டாம் பாகத்துக்குக் கம்பெனி வளர்ந்துவிட்டது. வளர்ந்த கம்பெனிக்குப் பிரிவுகள் முளைக்கும். அப்படி முளைத்ததுதான் 'அளவை ஒழுங்குமுறைப் பிரிவு'. அதன் தலைவர் முன்பு அதே கம்பெனியில் விளம்பரப் பலகைகளுக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தவர். அளவைகளைப் பற்றி அவருக்கு எந்த முன்முடிவும் இல்லாததால் அந்தப் பதவிக்கு மிகப் பொருத்தமானவர்.

அவருடைய முதல் சுற்றறிக்கை சரித்திரப் புகழ் பெற்றது. 'படப்பிடிப்பு வளாகத்துக்குள் அயல் பிரபஞ்ச அளவைகளுக்கு அனுமதி இல்லை.' மறுநாள் வாசலில் காவலாளி மேஸ்திரியின் இடுப்பிலிருந்து டேப்பைக் கழற்றிக்கொண்டு ரசீது எழுதினார்: 'அயல் பிரபஞ்சப் பொருள் – ஒன்று.' கைக்கடிகாரங்களும் போயின. உள்ளே நேரத்தை ப்ளிம் கணக்கில்தான் சொல்ல வேண்டும். ஒரு ப்ளிம் எத்தனை நிமிடம் என்று சுற்றறிக்கையிலேயே தெளிவாக இருந்தது: 'காட்சியின் தேவையைப் பொறுத்து.' சாப்பாட்டு இடைவேளை மூன்று ப்ளிம். சாப்பிட்டுப் பார்த்ததில் அது ஏறக்குறைய முக்கால் மணி நேரம் என்று மேஸ்திரி கணக்குப் போட்டு வைத்திருந்தார். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அந்தக் கணக்கு.

சிக்கல் ஒரு பல் மருத்துவரிடமிருந்து வந்தது. தொடரின் தீவிர ரசிகர். பாலத்துக் காட்சியைத் திரையில் நிறுத்தி, கைப்பிடிகளை எண்ணி, பதினோரு பக்கக் கடிதம் எழுதியிருந்தார். ஒரு ஸார்க் ஒன்றேகால் அடிதான் இருக்க முடியும். ஆகவே 'மூன்று ஸார்க் உயர மாவீரன்' என்று எல்லோரும் கொண்டாடும் கதாநாயகரின் உயரம் மூன்றே முக்கால் அடி.

கதாநாயகர் தன் வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அளவைப் பிரிவு அவசரமாகக் கூடியது. மேஸ்திரியையும் குச்சியோடு வரச் சொன்னார்கள்.

"நாயகனைக் குள்ளமாக்குற அளவு ஒரு அளவா?" என்று மேசையைத் தட்டினார் அளவைத் தலைவர்.

மேஸ்திரி குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வசனத்தை மாத்திடலாமே சார். அஞ்சு ஸார்க்னு சொல்லிட்டா ஆள் ஆறடிக்கு மேல வந்துருவாரு."

"மேஸ்திரி, மூணு ஸார்க்னு பனியன்ல அச்சடிச்சு ஊரெல்லாம் போட்டுட்டுத் திரியுறாங்க. பனியனை மாத்த முடியுமா?"

"முடியாது சார்."

"குச்சியை?"

மேஸ்திரி குச்சியை மேசைமேல் வைத்தார். குச்சியைத்தான் மாற்ற முடியும் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: 'ஸார்க் நீட்டப்படவில்லை. இதுவரை சுருங்கியிருந்தது.' இனி ஒரு ஸார்க் இரண்டு அடி. மூன்று ஸார்க், ஆறு அடி. கதாநாயகர் வேனிலிருந்து இறங்கினார். அவருடைய பூட்ஸுக்குள் வைக்கும் மரக்கட்டையை மேஸ்திரிதான் செய்து கொடுத்தவர். பழைய குச்சிகளை ஒப்படைத்துவிட்டு நாற்பது புதிய குச்சிகள் வெட்டினார்.

அடுத்த வாரம் கோபுரம் வந்தது. எட்டு ஸார்க் உயரக் காவல் கோபுரத்திலிருந்து இளவரசி குதித்துத் தப்பிக்கிறாள். இளவரசியாக நடிப்பவர் குதிக்க மாட்டார். அவருக்குப் பதிலாகக் குதிப்பவள் மேஸ்திரியின் தங்கச்சி. சின்ன வயதிலிருந்தே எதிலாவது ஏறி எதிலிருந்தாவது விழுவதுதான் அவளுக்கு வேலை. கடைசியில் அதையே தொழிலாக்கிக்கொண்டாள்.

மேஸ்திரி புதிய குச்சியால் எட்டு முறை அளந்து கோபுரத்தைக் கட்டினார். கடைசிப் பலகையை அடிக்க மேலே ஏறியபோது ஏணி முடிகிற வழியாக இல்லை. பத்தடி உயரத்துக்கு அவ்வளவு படி ஏற வேண்டியதில்லை. மேலேயே உட்கார்ந்துவிட்டார். கீழே விரித்திருந்த இரண்டு மெத்தைகளும் தீப்பெட்டி மாதிரி தெரிந்தன. அங்கேயே மனசுக்குள் கணக்குப் போட்டார். பதினாறு அடி.

நேராகப் பாதுகாப்பு அதிகாரியிடம் போனார். அதிகாரியின் முதுகுக்குப் பின்னால், முதல் பாகத்தில் ஒட்டிய அட்டவணை அப்படியே இருந்தது. 'எட்டு ஸார்க் வரை: இரண்டு மெத்தை.'

"சார், இது பழைய எட்டு. அப்ப எட்டுன்னா பத்தடி. இப்ப கட்டியிருக்கிறது புது எட்டு."

"எட்டுல என்னய்யா பழசு, புதுசு? ஏழுக்கும் ஒம்பதுக்கும் நடுவுல இருக்கிறதுதானே எட்டு?"

"பதினாறு அடி சார்."

அதிகாரி கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த வார்த்தையை இங்க சொல்லாதீங்க. அயல் பிரபஞ்சம்."

"இன்னும் ரெண்டு மெத்தை மட்டும் போடுங்க சார்."

"அட்டவணையில ரெண்டுதான் இருக்கு. மூணாவது மெத்தை வேணும்னா அட்டவணையை மாத்தணும். அட்டவணையை மாத்தணும்னா அளவைப் பிரிவு கூடணும். போன மீட்டிங் களைப்பு அவங்களுக்கு இன்னும் தீரல."

மேஸ்திரி தங்கச்சியைத் தேடிப் போனார். இளவரசியின் பொன்னிற அங்கியில் ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள்.

"மேல போய்ப் பாத்தியா?"

"பாத்தேன். கொஞ்சம் ஒசரமாத்தான் தெரியுது."

"கொஞ்சம் இல்ல. குதிக்காத."

"நல்ல கதையா இருக்கே! மூணு வருஷமா முதுகை மட்டும் காட்டிக்கிட்டு, முகம் தெரியாம விழுந்துட்டு இருக்கேன். இன்னைக்குத்தான் மெயின் கேமரா என் மேல. நான் இல்லன்னா வெளிய அஞ்சு பேர் நிக்கிறாங்க, தெரியுமா?"

"அந்த அஞ்சு பேரும் குதிக்க வேணாம்."

"அண்ணா, நீ வாயே திறக்க மாட்ட. திறந்தா இப்படித்தான் பேசுவ." சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "சரி, மெத்தை கொண்டு வா. நீ வர்ற வரைக்கும் இழுத்துப் பிடிக்கிறேன். அங்கி கிழிஞ்சிடுச்சுன்னு சொல்லிக்கிறேன்."

பட்டறையில் சோபா செட்டுக்காக வாங்கிய தடித்த நுரைப் பஞ்சு இருந்தது. வளாகத்தின் மறுகோடி, போய் வர இருபது நிமிடம். மேஸ்திரி டைரக்டரிடம் கேட்டார்.

"சார், ஷாட்டுக்கு எத்தனை ப்ளிம் இருக்கு?"

"மூணு."

சாப்பாட்டு மூணு. முக்கால் மணி நேரம். தாராளமாக இருந்தது. மேஸ்திரி நடந்தே போனார், ஓடக்கூட இல்லை. நுரையைச் சுருட்டிக் கட்டி, தலையில் வைத்துக்கொண்டு திரும்பினார். வழியில் வெயில் சுள்ளென்றிருந்தது. யாரோ 'மேஸ்திரி, சோபா எங்க போகுது?' என்று கேலி செய்தார்கள்.

செட்டுக்குள் நுழைந்தபோது கைதட்டல் கேட்டது. ஷாட் முடிந்துவிட்டிருந்தது. பிறகு கைதட்டல் நின்றது.

கிழிந்த அங்கியை டைரக்டர் பார்த்திருக்கிறார். 'கிழிஞ்சிருந்தா இன்னும் இயல்பா இருக்கும், ரெடி' என்று சொல்லியிருக்கிறார். டைரக்டரின் மூன்று ப்ளிம், காட்சியின் தேவையைப் பொறுத்து, ஒன்பது நிமிடம்.

தங்கச்சி இரண்டு மெத்தைக்கும் நடுவில் கிடந்தாள். இடது கால் போகக் கூடாத பக்கமாகப் போயிருந்தது. கத்தவில்லை. அண்ணனைப் பார்த்ததும், "மெத்தை வந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டாள். மேஸ்திரி தலையில் நுரையோடு நின்றார். அதை இறக்கி வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வேறு யாரோ வந்து இறக்கினார்கள்.

கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. இடுப்பிலும் அடி. நடக்கலாம், ஆனால் இனிமேல் எதிலிருந்தும் குதிக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னார்.

வெளியிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். தொழிலாளர் விபத்துகளை விசாரிக்கிறவர். மூக்குக் கண்ணாடி, பழைய பை, சந்தேகம் நிறைந்த முகம். அதற்குள் கோபுரத்தைப் பிரித்துவிட்டிருந்தார்கள். அடுத்த காட்சிக்கு இடம் வேண்டுமல்லவா?

"எவ்வளவு உயரத்துல இருந்து விழுந்தாங்க?" என்றார் ஆய்வாளர்.

"எட்டு ஸார்க்" என்றார் அளவைத் தலைவர்.

"அடியில சொல்லுங்க."

மேஸ்திரி வாயைத் திறந்தார். அதற்குள் தலைவர் ஒரு தாளை நீட்டிவிட்டார். ஓரம் மஞ்சளாகியிருந்தது. 'ஒரு ஸார்க் = ஒன்றேகால் அடி.' கீழே மேஸ்திரியின் கையெழுத்து.

ஆய்வாளர் கணக்குப் போட்டார். "பத்தடி. அதுக்கு ரெண்டு மெத்தை போதுமே. உங்க கையெழுத்துதானே இது?"

"என் கையெழுத்துதான் சார். ஆனா இப்ப ஒரு ஸார்க் ரெண்டு அடி. கதாநாயகரோட உயரத்துக்காக நீட்டினாங்க. நாந்தான் குச்சி வெட்டினேன்."

ஆய்வாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கொஞ்சமும் கலங்கவில்லை. கலங்குகிறவர்களை அந்தப் பதவியில் வைக்க மாட்டார்கள். இன்னொரு தாளை எடுத்தார். மை இன்னும் பளபளத்தது. தேதி மட்டும் கோபுரம் கட்டுவதற்கு முந்தைய தேதி. எழுந்து நின்று வாசித்தார்:

"'குழப்பம் தவிர்க்கும் பொருட்டு, ஸார்க் இருவகைப்படும். நிற்பவர்களை அளக்கும் ஸார்க், இரண்டு அடி. விழுபவர்களை அளக்கும் ஸார்க், ஒன்றேகால் அடி.' ரெண்டு பேர் சொல்றதும் சரிதான் சார். மேஸ்திரி நிக்கிற ஸார்க்கைச் சொல்றாரு. உங்களுக்கு வேண்டியது விழுற ஸார்க்."

ஆய்வாளர் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, அடிக்கோடிட்டு, பையை மூடினார். இவ்வளவு முறையாக ஆவணம் வைத்திருக்கும் நிறுவனத்தைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்றார்.

மேஸ்திரி நகரவில்லை. குனிந்து விரல் விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். தலைவர் கடிகாரம் இல்லாத மணிக்கட்டைப் பார்த்தார். கடைசியில் மேஸ்திரி நிமிர்ந்தார்.

"ஒரு சந்தேகம் சார். அவ மேல நிக்கிறப்போ பதினாறு அடியில நின்னா. விழுறப்போ பத்தடிதான் விழுந்திருக்கா. கீழ வந்து தரையில கிடந்ததை நான் பாத்தேன்."

"அதனால?"

"மீதி ஆறடி எங்க சார் போச்சு?"

தலைவர் இரண்டு தாள்களையும் கோப்புக்குள் செருகினார். ஜன்னலுக்கு வெளியே, குடை பிடிக்க ஒருவர், விசிற ஒருவர் பின்தொடர, தலை நிமிர்ந்து கதாநாயகர் போய்க்கொண்டிருந்தார். மூன்று ஸார்க். கட்டை வைத்த பூட்ஸோடு சேர்த்து, சரியாக ஆறடி.