ஐந்தாம் கடப்பு பதினைந்து அங்குலம்

786

சாய்ந்தமருது,
14.07.1956.

அன்புள்ள மகன் றஸாக்குக்கு வாப்பா உதுமாலெவ்வை எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இவ்விடம் எல்லோரும் சுகம்; என் இடுப்பு மட்டும் இந்த வசனத்தில் சேராது. கொழும்பில் உன் சுகமும், நீ வேலை செய்கிற கந்தோரின் சுகமும், நீ சாப்பிடுகிற கடையின் சுகமும் அறிய ஆவல்.

பிள்ளை வண்டில் மூன்றின் படம் போட்டு நீ அனுப்பிய கடைத் தாள் கிடைத்தது. "மகள் உம்முக்கு எது நல்லதெண்டு பார்த்து எழுதுங்க வாப்பா, வரக்குள்ள கொண்டு வாறன்" என்று கேட்டிருந்தாய். முப்பத்தொரு வருடம் ரோட்டு ஓவசியராக இருந்து இளைப்பாறியவனிடம் சில்லு உள்ள ஒரு பொருளைப் பற்றிக் கேட்டது முறையான காரியம். ஆனால் ஸ்தலத்தைப் பார்க்காமல் அபிப்பிராயம் சொல்வது எங்கள் ரோட்டு இலாகாவில் வழக்கமில்லை. ஆகவே பார்த்தேன். பார்த்ததால் வந்ததை ஒழுங்காக எழுதுகிறேன், இடையில் நிறுத்தாமல் வாசி.

நீ கலியாணம் முடித்து உன் மாமனார் சாலிஹின் வளவுக்குக் குடிபோனாய். உன் மகள் அந்த வீட்டுப் பிள்ளையானாள். அது ஊர் வழக்கம். நானும் அப்படித்தான் உன் உம்மாவின் வீட்டுக்கு வந்தவன், குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு உன் பெண்சாதி பரீனா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெண்கள் போய்வருகிற வேலிக் கடப்புகளால் வளவு வளவாக நுழைந்து எங்கள் வீட்டுக்கு வருவாள், பொழுதுபட மஃரிபுக்குத் திரும்பிப் போவாள். அந்த ஒன்றரை மணித்தியாலம் என் பங்கு. பிள்ளைக்கு இப்போது பதினொரு மாதம். அவள் வளர வளர பரீனாவின் முதுகு மக்கர் பண்ணத் தொடங்கி, தினமும் என்பது கிழமைக்கு மூன்றாகி, மூன்று ஒன்றாகி வந்த நேரத்தில்தான் உன் தாள் வந்தது. மூன்றாம் வண்டிலை மடக்கிக் கையில் தூக்கலாம், பதினொரு றாத்தல்தான், முப்பது றாத்தல் பிள்ளைவரை தாங்கும் என்று அதில் போட்டிருந்தது. சரி, பிள்ளையின் பாரத்தை அறிவோம் என்று, அன்று வந்த பிள்ளையைப் பக்கத்து வளவில் தறிக்கு நூல் நிறுக்கிற தராசில் வைத்தேன். இருபத்துமூன்று றாத்தல். பரீனா ஓடிவந்து, "புள்ளய நிறுக்கப்படாது மாமா, தேஞ்சி போகும்" என்று தூக்கிக்கொண்டு போய் உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நாங்கள் மூன்று வீட்டார் இருமினோம்.

அந்த மனத்தாங்கலைத் தீர்க்க, திரும்பிப் போகும்போது பிள்ளையை நானே ரோட்டால் தூக்கிக்கொண்டு போய் விடுகிறேன் என்றேன். அது ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டில் நான் போட்ட ரோட்டு. அதன் நடு மதகும் நான் கட்டியதுதான். சரியாக அந்த மதகடியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பிள்ளையை மடியில் வைத்தபடி மதகில் உட்கார்ந்துவிட்டேன். எழும்ப முடியவில்லை. உன் மாமனார் கரைவலை முடித்துவிட்டு அந்த வழியால் வந்தார், பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டார், பிறகு சொன்னார்: "ஓவசியர், இனி நீங்க தூக்கப்படாது. புள்ள உழுந்தா ஆரு பொறுப்பு?" நீ வண்டில் வாங்கப் போகிறாய் என்று சொன்னேன். அவர் அதை அங்கேயே விட்டிருக்கலாம். அடுத்த நாள் பள்ளிவாசலுக்கு முன்னால் வைத்து, "ரோட்டுப் போட்ட ஓவசியர் இனி ரோட்டில புள்ள வண்டில் தள்ளப் போறாராம். அண்டைக்கு நான் வலைய இழுக்காம விட்டுட்டு வந்து பார்ப்பன்" என்றார். ஏழு பேர் சிரித்தார்கள், எண்ணினேன். அந்த இடத்திலேயே ரோட்டை முடிவாகக் கைவிட்டேன். வண்டில் கடப்புகளால்தான் வர வேண்டும், பரீனாதான் தள்ள வேண்டும்.

கடப்பு வழி முழுக்க மணல் என்பது உனக்குத் தெரியும். காரைதீவுத் தச்சர் கனகரெத்தினத்தைக் கொண்டு, மூன்றாம் வண்டிலின் அளவில் ஐந்து அங்குலச் சில்லு நான்கு பூட்டிய பெட்டியொன்று செய்வித்து, பிள்ளைக்குப் பதிலாக இருபத்துமூன்று றாத்தல் அரிசியை ஏற்றி நம் முற்றத்தில் தள்ளிப் பார்த்தேன். ஆறடி போனதும் முன்சில்லு புதைந்து பெட்டி குப்புறக் கவிழ்ந்தது. கோழிகளுக்கு அது பெருநாள். உன் உம்மா வந்து பார்த்துவிட்டு, "அரிசிய ஏத்தின மாதிரி புள்ளய ஏத்தியிருந்தா?" என்று கேட்டாள். மணலில் ஓட வேண்டுமென்றால் பெரிய சில்லுள்ள முதலாம் வண்டில்தான். அதன் அகலம் இருபத்திரண்டு அங்குலம். ஆகவே இப்போது கேள்வி கடப்புகளின் அகலம்.

சாலிஹின் வளவிலிருந்து நம் வளவு வரை நடுவில் எட்டு வளவு, ஒன்பது கடப்பு. ஆண்கள் கடலிலும் கடையிலும் இருக்கிற நேரமாகப் பார்த்து, பழைய அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வேலியிலும் பலமாக இருமி, பெண்கள் உள்ளே போக நேரம் கொடுத்து, ஒழுங்காக அளந்தேன். எட்டுக் கடப்பு இருபத்துநான்குக்குக் குறையவில்லை. ஐந்தாவது, ஸுலைஹாவின் வேலி, பதினைந்து அங்குலம். பக்கத்து ஆடு நுழையாமல் இருக்க அவள் அப்படி வைத்திருக்கிறாள். அவளும் பக்கவாட்டில்தான் போவாள். "என்ன காக்கா அளக்கிறீங்க?" என்று உள்ளேயிருந்து அண்ணன் முறையில் கேட்டாள். "ஒண்டுமில்ல தங்கச்சி, இன்னும் ஏழு அங்குலம் வேணும்" என்றேன். என்னத்துக்கு என்று அவள் கேட்டாள், வண்டில் கதை மறுபடி பள்ளிவாசல் வாசலுக்குப் போக வேண்டாமே என்று நான் சொல்லாமல் வந்துவிட்டேன். மகனே, இந்த முழுக் காரியத்திலும் நான் செய்த பிழை அது ஒன்றுதான்.

ஓவசியர் நாடாவோடு வேலி வேலியாகப் போனால் ஊர் என்ன நினைக்கும்? மஃரிபுக்குள் எங்கள் வளவுகளால் ரோட்டு வருகிறது என்று முடிவாகிவிட்டது. மூன்றாம் வளவார் தன் கிணறு தப்புமா என்று கேட்டு வந்தார். ஏழாம் வளவார் வேலியை இரண்டு முழம் முன்னுக்குத் தள்ளி நட்டுவிட்டு, அது எப்போதும் அங்கேதான் இருந்தது என்றார். ரோட்டு வராது என்று எல்லோருக்கும் சொன்னேன். "ஓவசியர் மறைக்கிறார், அப்ப வாறது நிச்சயம்" என்று போனார்கள். அடுத்த நாள் ஸுலைஹா ஐந்தாம் கடப்பில் நட்ட நடுவே ஒரு கட்டையை இறக்கி, இரண்டு பக்கமும் தென்னங்கிடுகு கட்டி அடைத்துவிட்டாள். நாற்பது வருடமாகப் பெண்கள் போய்வந்த வழி அது. இப்போது இந்தப் பக்கத்துக் கறி அந்தப் பக்கம் போவதில்லை, அந்தப் பக்கத்துச் செய்தி இந்தப் பக்கம் வருவதில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் நான் என்பதால் உன் உம்மா என்னோடு கதைப்பதை நிறுத்தி, சொல்ல வேண்டியதைப் பூனைக்குச் சொல்கிறாள்.

ஆகவே என் அபிப்பிராயம்: முதலாம் வண்டில் நுழையாது. மூன்றாம் வண்டில் புதையும். இரண்டாம் வண்டிலால் இந்த இரண்டையும் செய்ய முடியும்: நுழையாமலும் இருக்கும், புதையவும் செய்யும். மறு அறிவித்தல் வரை எதையும் வாங்க வேண்டாம். உன் மகளைப் பார்த்துப் பதினொரு நாளாகிறது. சம்மந்தி வீட்டில் போய்ப் பார்க்கலாம்தான், ஆனால் அங்கே எனக்குக் கதிரை போட்டுத் தேத்தண்ணி தருவார்கள், பிள்ளையைத் தூரத்தில் வைத்துக் காட்டுவார்கள். எனக்கு அது காணாது.

வேளைக்குத் தொழு, பசியோடு படுக்காதே, மழையில் நனையாதே. உன் ஆயுளும் அல்லாஹ் உனக்குத் தருகிற ரிஸ்க்கும் நீள நானும், பூனை மூலமாக உன் உம்மாவும் துஆச் செய்கிறோம்.

இப்படிக்கு,
உன் வாப்பா,
மீ. உதுமாலெவ்வை,
இளைப்பாறிய ஓவசியர்.

பி.கு. தபாலில் போட மூன்று நாள் பிந்திவிட்டது. மேலே எழுதிய அபிப்பிராயத்தைத் தள்ளிவிடு. எழுதிய அன்றைக்கு மறுநாள் ஸுலைஹா கிடுகைத் தானே பிரித்துவிட்டாள். "ரோட்டுக்குத்தான் காக்கா அடைச்ச நான். புள்ளையும் வராமப் போகுமெண்டு எனக்கு ஆர் சொன்ன?" என்றாள். பரீனாவின் முதுகைக் கேள்விப்பட்டுப் பெண்கள் ஓர் ஏற்பாடும் செய்துகொண்டார்கள். ஒவ்வொருத்தியும் தன் வளவுக்குள் மட்டும் பிள்ளையைத் தூக்குவது, கடப்பில் வைத்து அடுத்தவளிடம் கொடுப்பது. ஒருத்திக்கும் முப்பது கெஜத்துக்கு மேல் நடை இல்லை. அப்படியென்றால் வண்டிலே தேவையில்லை என்று எழுத உட்கார்ந்தேன். ஆனால் முதல் நாள் பிள்ளை என் கைக்கு வந்தபோது மஃரிபு பாங்கு சொன்னது. வாயில் எட்டு வீட்டுப் பலகாரம், கண்ணில் நித்திரை. நேற்று ஐந்தாம் கடப்பைத் தாண்டவே இல்லை, ஸுலைஹா விடவில்லையாம். நான் நம் வேலிக் கடப்பில் நின்றேன். உன் உம்மா வந்து, "உள்ளுக்கு வாங்க, இனி இண்டைக்கு வராது" என்று என்னிடமே சொன்னாள். அப்போதுதான் எவ்வளவு நேரம் நின்றிருக்கிறேன் என்று தெரிந்தது.

ஆகவே மூன்றாவதை வாங்கு, பதினொரு றாத்தலை. அகலம் பார்க்க வேண்டாம், ரோட்டு பதினெட்டு அடி. புதையும் என்ற பயமும் வேண்டாம், நான் போட்ட தாரில் ஐந்து அங்குலச் சில்லு ஓடும். சாலிஹின் வாசலிலிருந்து நம் வாசல்வரை நானே தள்ளிக்கொண்டு வருவேன், இடுப்பு பிடித்தால் பிடித்துக்கொள்ள அதில் கைப்பிடியும் இருக்கிறது. இன்று பள்ளிவாசலுக்கு முன்னால் வைத்து இதைச் சாலிஹிடம் சொல்லிவிட்டேன்; அந்த ஏழு பேரும் இருந்தார்கள். சைக்கிள் மணி பூட்டியதாகக் கிடைத்தால் அதையே எடு.