ஆர்டிஸின் ரொட்டிக்கல்

இந்த அக்டோபரில் தொடை எனக்குத்தான் என்று தீர்மானித்துவிட்டேன்.

தொடை என்றால் பன்றித் தொடை. உப்பிட்டு, புகைபோட்டு, வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டது. சர்க்கரை ஆலைக்குப் போகும் பீட் கிழங்கு அறுவடை முடிந்த சனிக்கிழமை எங்கள் ஊர்த் துப்பாக்கிக் கழகம் குறிபார்த்துச் சுடும் போட்டி வைக்கும். ஜெயித்தவருக்குத் தொடை. விதி ஒன்றே ஒன்று. சுடும் குண்டு, சுடுகிறவர் வீட்டிலேயே ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்ததாக இருக்க வேண்டும். கடைக் குண்டோடு வந்தவருக்குக் காபி கிடையாது. மினசோட்டாவில் நாங்கள் எதிரிக்கும் காபி கொடுப்போம். அதிலிருந்து குற்றத்தின் அளவைப் புரிந்துகொள்ளலாம்.

போன வருஷம் தொடை பக்கத்து வீட்டு லைலுக்குப் போனது. கிறிஸ்துமஸ் வரை வேலி தாண்டி வாசனை வந்துகொண்டே இருந்தது.

என் குறியில் தப்பில்லை. குண்டில்தான் தப்பு. அச்சு குளிர்ந்திருந்தால், ஊற்றிய ஈயம் உள்ளே பரவுவதற்கு முன்பே உறைந்துவிடும். குண்டு சுருக்கம் சுருக்கமாக வெளியே வரும். என் குண்டுகளைப் பார்த்தால் ஓய்வூதியம் வாங்குகிறவை போலிருக்கும். முன்கூட்டியே அச்சைச் சூடாக்கிவிட்டால் முதல் குண்டே வழவழவென்று வரும். ஆனால் எங்கே சூடாக்குவது? ஈயப் புகை ஆகாது என்று கராஜ் கதவைத் திறந்துவைத்துத்தான் வேலை. எங்கள் ஊர்க் காற்றில் அச்சுக்குச் சூடு ஏறுவதற்குள் எனக்கு ஜலதோஷம் ஏறிவிடும்.

மனைவியிடம் கேட்டேன்.

"ஆர்டிஸ், இந்த அச்சைக் கொஞ்ச நேரம் உன் அடுப்பு மேல வெச்சுக்கட்டுமா?"

"வெச்சுக்கோ."

"நிஜமாவா?"

"வெச்சுட்டு, அடுப்பையும் தூக்கிட்டு கராஜுக்கே குடிபோயிடு. சோறும் அங்கேயே ஆக்கிக்கோ."

"ஈயத்தையா கொண்டுவரேன்? வெறும் அச்சுதானே."

"ஈயம் பட்ட சாமான் என் சமையலறைக்குள்ள வரக் கூடாது, செல்மர். கல்யாணத்தன்னிக்கே சொல்லிட்டேன்."

"கல்யாணத்தன்னிக்குப் பாதிரியார்தான் பேசினார்."

"அவர் முடிச்சதும் நான் சொன்னேன்."

மறுநாள் லைல் வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். லைல் இலவசமாக எதையும் கொடுக்கிறவன் இல்லை. யோசனை உட்பட.

"என்னப்பா செல்மர், இன்னும் கிழட்டுக் குண்டுதான் வருதா?"

"அச்சு சூடு பிடிக்கமாட்டேங்குது."

"லெஃப்ஸா சுடற கல்லு மேல வெச்சுப் பாரேன். ஜம்முனு ஏறும்."

"அது ஆர்டிஸோட கல்லாச்சே."

"நான் யாரோடதுன்னு சொல்லவே இல்லையே."

லெஃப்ஸா என்பது எங்கள் நார்வேக்காரர் வீடுகளின் உருளைக்கிழங்கு ரொட்டி. காகிதம்போலத் தேய்த்து, வண்டிச் சக்கரம் மாதிரியான மின்சாரக் கல்லில் போட்டு, நீளத் தட்டைக் குச்சியால் திருப்பிப்போட வேண்டும். போட்டி நடக்கும் அதே சனிக்கிழமை, ஆண்கள் துப்பாக்கியோடு போனதும், பெண்கள் சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூடி, இலையுதிர்கால விருந்துக்காக ஊருக்கே லெஃப்ஸா சுடுவார்கள். திருப்பிப்போடுவதில் ஆர்டிஸை மிஞ்ச ஆளில்லை. நவம்பரில் மான் சுடுவதிலும் அப்படித்தான். எங்கள் உறைபெட்டியில் இருக்கும் மான்கறி முழுக்க அவள் கணக்கு. ஆனால் போட்டி நாளில் அவள் கல்லை விட்டு நகர முடியாது. கடவுளுக்கும் என்மேல் கருணை உண்டு.

அந்தக் கல் ஒரு பக்கம் கருக்குகிறது, புதுசு வேண்டும் என்று போன வருஷத்திலிருந்து அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னும் இருபது வருஷம் உழைக்கும் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அவள் சர்ச் மாதர் கூட்டத்துக்குக் கிளம்பினாள். வண்டி முனை திரும்பியதும் அலமாரியிலிருந்து கல்லை இறக்கினேன். கராஜில் வைத்துச் சூடேற்றினேன். அச்சை அதன்மேல் உட்காரவைத்து, மேலே ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தேன். சூடேறியதும் டப்பாவை எடுத்துவிட்டு வார்த்தேன்.

முதல் குண்டே பளபளவென்று விழுந்தது. இரண்டாவது அதைவிட அழகு. குழந்தை பிறந்தபோதுகூட நான் இவ்வளவு நேரம் கையில் வைத்துப் பார்க்கவில்லை. தொடையின் வாசனை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

அந்தப் பூரிப்பில் கரண்டி சாய்ந்தது. கல்லின் நட்டநடுவில் ஈயம் வெள்ளிக்காசு போல ஒட்டிக்கொண்டது.

சுரண்டினேன். காசு போனது, தடம் போகவில்லை. தடம் போயிருந்தாலும் என்ன? சனிக்கிழமை அந்தக் கல்லில்தான் ஊர் மொத்தத்துக்கும் ரொட்டி. நான் கஞ்சன். மனைவிக்குப் பயந்தவன். ஆனால் ஒரு சபையையே ஈயம் தின்னவைக்கிறவன் இல்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்ற எண்ணம் வந்தது. வந்த வழியே அனுப்பிவிட்டேன்.

புதன்கிழமை, டயர் பார்க்கிறேன் என்று சொல்லி ஃபார்கோ நகரத்துக்குப் போனேன். அதே ஜாதிக் கல், புத்தம் புதுசு. திரும்பி வந்ததும் அதற்கு வயதேற்றினேன். கால்களை உப்புத்தாளால் தேய்த்தேன். வெண்ணெயும் மாவும் தடவி, கராஜில் கருகவிட்டேன். பழைய கல்லின் மின்கம்பியை ஆர்டிஸ் ரொட்டிப்பையின் வாயைக் கட்டும் முறுக்குக் கம்பியால் கட்டியிருந்தாள். அதையே கழற்றிப் புதியதில் கட்டினேன். பழையதைத் தார்ப்பாய்க்கு அடியில் தள்ளினேன். துப்பறிகிறவர்கள் இப்படிப்பட்ட இடத்தில்தான் தோற்றுப்போவார்கள்.

வெள்ளிக்கிழமை ஆர்டிஸ் கல்லை இறக்கினாள். விரலால் ஓரத்தைத் தடவினாள்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. கல்லு இளைச்ச மாதிரி இருக்கு."

"கழுவியிருப்ப."

"ம்."

எங்கள் ஊரில் இந்த 'ம்' எதுவாகவும் இருக்கலாம். நான் நல்லதாக எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தால், வாசலில் ஆர்டிஸ். தலையில் என் ஆரஞ்சுத் தொப்பி. தோளில் என் துப்பாக்கி. கையில் என் குண்டுப்பெட்டி.

"எங்க கிளம்பிட்ட?"

"போட்டிக்கு."

"இன்னிக்கு லெஃப்ஸா நாளாச்சே."

"ஆமா. நீ போ. குச்சி பையில இருக்கு."

"எனக்குத் திருப்பத் தெரியாது."

"நானும் பொறக்கறப்பக் குச்சியோட பொறக்கல."

"ஆர்டிஸ், அது என் குண்டு."

"என் கல்லுல சூடேத்தின குண்டு. வீட்டுல வார்த்திருக்கணும்னுதானே விதி? இது என் வீடும்தானே?"

நான் தொண்டையைச் செருமினேன். "எந்தக் கல்லு?"

"தார்ப்பாய்க்கு அடியில இருக்கற கல்லு. நீயே சொல்லு. ஈயக் கதையை நான் போர்கில்ட் கிட்ட சொல்லட்டுமா, இல்ல நீ திருப்பப் போறியா?"

போர்கில்ட் கீழ்த்தளத்தின் தளபதி. வயது எண்பத்தெட்டு. லெஃப்ஸாவில் சர்க்கரை தூவிய பாதிரியார் ஒருவரை ஊர்மாற்றல் வாங்கவைத்தவள். ஈயம் என்று அவள் காதில் விழுந்தால் எங்கள் வம்சத்துக்கே விருந்து கிடையாது. குச்சியையும் கல்லையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கீழ்த்தளத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள், முழங்கை வரை மாவு. ஆர்டிஸுக்கு ஜலதோஷம், அதனால் நான் வந்தேன் என்றேன்.

"பாவம்," என்றாள் போர்கில்ட். "மூக்கு ஒழுகினா குறி தப்புமே."

மாவு தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் தலை நிமிரவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

லைலின் மனைவி பெவர்லி பக்கத்தில் வந்தாள். "குண்டு நல்லா வந்துச்சா, செல்மர்?"

"என்ன குண்டு?"

"'நான் யாரோடதுன்னு சொல்லவே இல்லையே.' அந்த வரி நான் சொல்லிக்கொடுத்தது. லைல் கண்ணாடி முன்னாடி நின்னு ஒத்திகை பாத்துட்டுத்தான் வேலிக்கு வந்தான்."

"லைல் எதுக்கு இதுக்கெல்லாம் ஒத்துக்கிட்டான்?"

"தொடையில பாதி தரேன்னு ஆர்டிஸ் சொல்லியிருக்கா."

சுடுவதற்கு முன்பே பங்கு பிரித்திருக்கிறாள்.

என் முதல் ரொட்டி கிழிந்தது. போர்கில்ட் அதைப் பார்த்துவிட்டு, "முதல்ல போடறது எப்பவும் பாழ்தான். கல்லு சூடேறணும்," என்றாள். அது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். காத்திருந்தேன். அப்புறம் வந்ததெல்லாம் வழவழவென்று வந்தது. போர்கில்ட் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "மோசமில்ல," என்றாள். எங்கள் ஊரில் அதற்குமேல் பாராட்டு கிடையாது. புதுக் கல் ஒரு பக்கமும் கருக்கவில்லை. நல்ல கல்தான். ஒரு வருஷம் முன்பே வாங்கியிருக்கலாம்.

சாயங்காலம் எங்கள் மேஜையில் பாதித் தொடை இருந்தது. மறுபாதி வேலிக்கு அந்தப் பக்கம். நான் சுட்ட லெஃப்ஸாவில் வெண்ணெய் தடவி, கறியை வைத்துச் சுருட்டி ஆர்டிஸ் என்னிடம் நீட்டினாள்.

"குண்டு நூல் பிடிச்ச மாதிரி போச்சு, செல்மர். ஒண்ணுலகூட சுருக்கமில்ல. லைலைத் தவிர எல்லாரும் கேட்டாங்க, எப்படி வார்த்தான்னு."

"சொன்னியா?"

"நம்ம வீட்டு ரகசியம்னுட்டேன்."

மனசு நிறைந்துவிட்டது. வாயும்தான். ஆர்டிஸ் காபி வைக்க எழுந்து, அடுப்பின் திருகைத் திருகினாள். அது பிடிக்கவில்லை. மறுபடி திருகிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதுவும் பழசாயிடுச்சு. அடுத்த வருஷம் அச்சை இதுமேலயே வெச்சுக்கோயேன்."